ஒலிப்பதிவுக் கருவிக்கு யார் தாளம் போடுவது?

நாதஸ்வரம் தோடியில் ஒரு நீண்ட பிடியை இழைத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மறுபடியும் ‘டிக்’. கைப்பேசியில் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 11 விநாடிக்கு ஒரு தடவை. ராகம் எந்த இடத்தில் நின்றாலும் சரி, தவில் ஒலித்தாலும் ஓய்ந்தாலும் சரி, 11 விநாடிக்கு ஒரு ‘டிக்’.

இந்த நாதஸ்வரத்தை வாசித்தவர் இன்று உயிருடன் இல்லை. என்னிடம் படிவம் 4-இல் அறிவியல் படிக்கும் ஒரு மாணவனின் தாத்தா அவர். தொண்ணூறுகளின் இறுதியில், இங்கே பாயான் லெப்பாசுக்கு அருகில் ஒரு கோயில் திருவிழாவின் இரவில், நண்பர் ஒருவர் அவரது வாசிப்பை ‘டேட்’ எனப்படும் டிஜிட்டல் ஒலிநாடாவில் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதே இல்லை. போட்டுக் கேட்கக் கருவி கிடையாது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்த நாடாவைப் பாட்டி ஒரு பிஸ்கட் டின்னுக்குள், திருநீற்றுப் பொட்டலத்தோடு பத்திரமாக வைத்திருந்தார்.

“சார், இதை எப்படியாவது கேட்க முடியுமா? தாத்தா வாசிக்கிறதுக்கு நான் தவில் அடிச்சுப் பார்க்கணும்” என்று ஒரு நாள் அந்தப் பையன் கேட்டான். அவன் இப்போது தவில் பழகுகிறான்.

ஜோர்ஜ்டவுனில் பழைய மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் டேட் கருவியை இரண்டு நாளைக்கு இரவல் கொடுத்தார். கூடவே எச்சரிக்கையும் கொடுத்தார்: நாடா பழசு, சும்மா சும்மா ஓட்டாதீர்கள், இரண்டு மூன்று தடவைக்கு மேல் தாங்குமா என்பது சந்தேகம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டேட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன்மேல் உரசியபடி நிமிடத்துக்கு 2,000 தடவை சுழலும் ஓர் உருளைதான் ஒலியைப் படிக்கிறது. 1987-இல் சந்தைக்கு வந்த இந்த முறையை, அதைக் கொண்டுவந்த சோனி நிறுவனமே 2005-இல் கைவிட்டுவிட்டது. உதிரிப் பாகம் தேடிப் பயனில்லை.

ஆக, மூன்று வாய்ப்புகளில் ஒன்றை அந்த ‘டிக்’ தின்றுவிட்டது. தவறு நாடாவிலும் இல்லை, கருவியிலும் இல்லை. என்னிடம்தான். ஒரே ஓர் அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தேன். அது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலோ கோயிலிலோ பள்ளியிலோ இப்படி ஒரு பழைய நாடா கிடக்கலாம். பதிவைத் தொடங்குவதற்கு முன்பு ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

முதலில், எந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். பல தட ஒலிப்பதிவுக் கருவி என்பது ஒவ்வோர் ஒலியையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, பிறகு ஒன்றாகச் சேர்த்துக் கேட்க வைப்பது. நாதஸ்வரம் ஒரு தடம், தவில் ஒரு தடம், ஒத்து ஒரு தடம். தவில் தப்பிப் போனால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். நாதஸ்வரக்காரரை மீண்டும் ஊதச் சொல்ல வேண்டியதில்லை. 1989-இல் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கிய ஏ. ஆர். ரகுமான், தாயாரின் நகைகள் கைகொடுக்க, 16 தடக் கருவி ஒன்றை வாங்கியது தமிழ்த் திரையிசை ரசிகர்கள் அறிந்த கதை. மூன்று ஆண்டு கழித்து ‘ரோஜா’ வந்தது. அன்று பெரிய முதலீடாக இருந்த அந்த வசதி இன்று கைப்பெட்டி அளவில் கிடைக்கிறது. ரோலண்ட், ஃபாஸ்டெக்ஸ், கோர்க், யமஹா போன்ற நிறுவனங்கள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு செய்த கருவிகள் பழைய பொருள் சந்தைகளில் இன்னும் தலைகாட்டுகின்றன. என்னுடையது லோரோங் கூலிட் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. பயன்படுத்தும் முறை எழுதிய புத்தகம் இல்லாமல்தான் வந்தது. அதுவே பாதி வினைக்குக் காரணம்.

இத்தகைய கருவிகளின் பின்பக்கத்தில் ஒலிவாங்கிக்கான துளைகளுக்கு அருகே ‘டிஜிட்டல் இன்’ என்று எழுதிய ஒரு துளை இருக்கும். இதற்குள் ஒலி போவதில்லை. எண்கள்தாம் போகின்றன.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. டேட் கருவி அந்த மின்னழுத்தத்தை விநாடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் ‘சாம்பிள்’ என்று பெயர். மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்கும் சற்று அதிகமாக அளந்தால் போதும் என்பது நிறுவப்பட்ட கணிதம்.

சாதாரணக் கம்பியைக் குத்திப் பதிவு செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? டேட் கருவி எண்களை மின்னழுத்தமாக மாற்றும். என் கருவி அந்த மின்னழுத்தத்தை மறுபடி அளந்து எண்ணாக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். பெரிய நஷ்டம் இல்லை. உண்மையைச் சொன்னால், அவசரத்தில் இருப்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். அதில் ‘டிக்’ வராது. ஆனால் நாடாவில் உள்ள எண்களை அப்படியே, ஒன்றுகூடப் பிசகாமல் நகலெடுக்க முடியும் என்று தெரிந்த பிறகு, அறிவியல் ஆசிரியனுக்குக் கை சும்மா இருக்குமா?

எண்கள் எப்படிக் கம்பியில் பயணம் செய்கின்றன என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் காணப்படுவது ‘எஸ்பிடிஃப்’ என்ற முறை. சோனி, பிலிப்ஸ் என்ற இரு நிறுவனங்களின் முதலெழுத்துகள் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. இடது, வலது என்ற இரண்டு ஒலித்தடங்களும் ஒரே கம்பியில் மாறி மாறிப் போகும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் 32 இலக்கங்கள் கொண்ட ஒரு பொட்டலம். இரண்டு தடத்துக்கும் சேர்த்து 64. விநாடிக்கு 48,000 தடவை என்றால் விநாடிக்கு 30,72,000 இலக்கங்கள். ஒவ்வொன்றும் 0 அல்லது 1.

இங்கே ஒரு சிக்கல். இத்தனை வேகத்தில் வரும் 0, 1 கூட்டத்தில் ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வாங்கிக்கொள்ளும் கருவிக்கு எப்படித் தெரியும்? தொடர்ந்து பத்து 0 வந்தால் அது ஒன்பதா பதினொன்றா?

இதற்குச் செய்திருக்கும் ஏற்பாட்டை வகுப்பில் நான் கைத்தட்டிக் காட்டுவேன். ஆதி தாளம் போடுவதுபோல் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே வாருங்கள். அனுப்ப வேண்டியது 0 என்றால் அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1 என்றால் அந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அரை இடத்தில் இன்னொரு தட்டு தட்டுங்கள். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கூட உங்கள் தாளத்தின் வேகத்தையும் புரிந்துகொள்வார், நடுவில் வரும் தட்டுகளை வைத்துச் செய்தியையும் படித்துவிடுவார். கம்பியில் தட்டுக்குப் பதிலாக மின்னழுத்தம் மேலும் கீழும் புரளும். ஆக, டிஜிட்டல் கம்பியில் வருவது வெறும் எண்கள் அல்ல. எண்களோடு சேர்ந்து அனுப்புகிறவரின் காலப்பிரமாணமும் வருகிறது.

கச்சேரி கேட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. மேடையில் எத்தனை பேர் இருந்தாலும் ஜால்ரா போடுபவர் ஒருவர். இன்னொருவர் தன் கணக்குக்கு இன்னொரு ஜால்ராவை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இருவரும் திறமைசாலிகளாகவே இருக்கட்டும். முதல் ஆவர்த்தனத்தில் வித்தியாசம் தெரியாது. பத்தாவது ஆவர்த்தனத்தில் தெரிந்துவிடும்.

என் மேசையில் நடந்தது இதுதான். டேட் கருவிக்குள் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. என் பதிவுக் கருவிக்குள் இன்னொரு படிகக் கடிகாரம். மின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் படிகம் தன் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்ற அதிர்வெண்ணில் அதிரும். இந்த அழுத்தமின் பண்பை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். உங்கள் கைக்கடிகாரத்தில் இருப்பது விநாடிக்கு 32,768 தடவை அதிரும் படிகம். ஒலிக்கருவிகளில் இன்னும் வேகமானது வேண்டும். 48,000 ஹெர்ட்ஸுக்கு வழக்கமாகப் பயன்படும் படிகங்களுள் ஒன்று விநாடிக்கு 2,45,76,000 தடவை அதிர்கிறது; அதை 512-ஆல் வகுத்தால் 48,000. எந்த இரண்டு படிகமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. வெட்டியதில் ஒரு மயிரிழை வேறுபாடு, வெப்பநிலையில் ஒரு டிகிரி வேறுபாடு, எல்லாமே அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தும்.

இதை எங்கள் ஊர் மாணவர்களுக்கு விளக்குவது சுலபம். 1972-இல் பாயான் லெப்பாசில் தடையில்லா வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் ஒரு மின்னணு ஊர். இன்டெல், ஹிட்டாச்சி, பாஷ் போன்ற முதல் வரிசை நிறுவனங்களோடு அன்று வந்தவற்றுள் கார் வானொலி தயாரித்த கிளாரியனும் ஒன்று. என் வகுப்பில் பாதிப் பேரின் தாயோ தந்தையோ ஏதாவது ஓர் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். ஓடும் பட்டையில் பலகைகள் வரிசையாக வருவதை அவர்கள் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். ஆகவே நான் இப்படிக் கேட்பேன்: முதல் பட்டை மணிக்கு 1,000 பலகைகளை அனுப்புகிறது. அதை வாங்கும் இரண்டாவது பட்டை மணிக்கு 999 பலகைகளைத்தான் எடுக்கிறது. நடுவில் நிற்பவர் என்ன செய்வார்? கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் ஒரு பலகை கீழே விழும். இரண்டாவது பட்டை வேகமாக ஓடினால்? ஒரு மணி நேரத்தில் ஓர் இடம் காலியாகப் போகும்.

கீழே விழுந்த அந்த ஒரு பலகைதான் நான் கேட்ட ‘டிக்’. ஒலியலையின் மெல்லிய வளைவில் ஓர் எண் காணாமல் போனாலோ, ஒரே எண் இரண்டு தடவை வந்தாலோ, வளைவில் ஒரு சிறு முறிவு. பேச்சிலும் தவில் ஒலியிலும் அது மறைந்துபோகலாம். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் மறைவதற்கு இடமில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 11 விநாடிக்கு ஓர் எண் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 11-ஐ 48,000-ஆல் பெருக்கினால் 5,28,000. அதாவது, இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாடு 5,28,000-இல் 1 பங்கு. நாள் கணக்கில் சொன்னால் ஆறு நாளைக்கு ஒரு விநாடி. மாதத்துக்குப் பதினைந்து விநாடி பிசகும் கைக்கடிகாரத்தையே நாம் நல்ல கடிகாரம் என்கிறோம். அதைவிட மூன்று மடங்கு ஒற்றுமையாக ஓடிய இரண்டு கடிகாரங்கள் என் பதிவைக் கெடுத்துவிட்டன. ‘ஏறக்குறைய ஒன்று’ என்பதற்கு இங்கே மதிப்பில்லை.

நாடா தேய்ந்ததால் வரும் சத்தமா, கடிகாரத்தால் வரும் சத்தமா என்று பிரித்தறிவதும் இதனால் சுலபம். நாடாவின் பழுது ஒழுங்கில்லாமல் வரும். ஓரிடத்தில் சடசடவென்று, வேறிடத்தில் ஒன்றுமே இல்லாமல். மறுபடி ஓட்டினாலும் பெரும்பாலும் அதே இடத்தில் வரும். கடிகாரப் பிசகு சொல்லி வைத்தாற்போல் ஒரே இடைவெளியில் வரும். இசையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. உங்களுக்கும் இப்படி ‘டிக்’ கேட்டால் முதலில் நிறுத்துக் கடிகாரத்தை எடுங்கள். கருவியைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பதிவுக் கருவியைத் தன் சொந்த ஜால்ராவைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். பட்டியலில் ‘கிளாக் சோர்ஸ்’, ‘மாஸ்டர் கிளாக்’, ‘சிங்க்’ என்று கருவிக்குக் கருவி பெயர் மாறும். உள்ளே பார்த்தால் ‘இன்டர்னல்’ என்று இருக்கும்; கடையிலிருந்து வரும்போது எல்லாக் கருவிகளும் அப்படித்தான் இருக்கும். அதை ‘டிஜிட்டல் இன்’ என்று மாற்றினால், கம்பியில் வரும் தாளத்தையே கருவி தன் தாளமாக ஏற்றுக்கொள்ளும். ‘லாக்’ என்ற விளக்கோ எழுத்தோ நிலையாக நின்றால் இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று பொருள். கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் சேரவில்லை.

இந்த அமைப்பை நான் மாற்றாமல் விட்டதற்குக் காரணம் மிக எளிது. மாற்றாமலே ஒலி வந்தது! திரையில் அளவுக்கோடு அழகாக ஏறி இறங்கியது. காதணிபேசியில் நாதஸ்வரம் கேட்டது. பாட்டி கேட்டுக் கண் கலங்கினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன். வேலை செய்வதுபோல் தோன்றும் தவறான அமைப்பைவிட, அடியோடு வேலை செய்யாத அமைப்பு எவ்வளவோ மேல்.

இன்னொரு கண்ணியையும் சொல்ல வேண்டும். அதில் நான் மயிரிழையில் தப்பினேன். டேட் நாடா 48,000 வேகத்தில் பதிவாகியிருந்தது. என் பதிவுக் கருவியோ புதிய பாட்டைத் திறந்தாலே 44,100 என்று எடுத்துக்கொள்ளும். இந்த 44,100 எங்கிருந்து வந்தது தெரியுமா? காம்பாக்ட் டிஸ்க் வருவதற்கு முன்பு, டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். படத்தின் ஒவ்வொரு வரியிலும் 3 எண்களை எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் விநாடிக்கு 60 புலங்கள், ஒவ்வொன்றிலும் 245 வரிகள்: 60 × 245 × 3 = 44,100. நம் மலேசியாவிலும் இந்தியாவிலும் இருந்த பால் முறையில் விநாடிக்கு 50 புலங்கள், ஒவ்வொன்றிலும் 294 வரிகள்: 50 × 294 × 3 = 44,100. இரண்டு முறைக்கும் பொதுவாகப் பொருந்திய எண். 1982-இல் சந்தைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் அதையே வரித்துக்கொண்டது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போது எனக்கு இன்னும் உற்சாகம் குறையவில்லை.

சரி, 44,100 என்று பெயர் வைத்த பாட்டுக்குள் 48,000 வேகத்தில் வரும் எண்களை ஊற்றினால்? என் கருவி மறுத்துவிட்டது. எச்சரிக்கை காட்டி நின்றது. எல்லாக் கருவிகளும் அவ்வளவு கண்டிப்பானவை அல்ல. சில, கம்பியின் தாளத்துக்குப் பேசாமல் பதிவு செய்துகொள்ளும். பிறகு நீங்கள் கருவியை அதன் சொந்தத் தாளத்தில் ஓடவிடும்போது 48,000 எண்களை வாசிக்க ஒரு விநாடிக்கு மேல் ஆகும். வேகம் 8 விழுக்காடு குறையும். சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். இரண்டரைக் கட்டையில் ஊதிய நாதஸ்வரம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ போய் உட்காரும். தாத்தா எந்தச் சுருதியில் வாசிப்பார் என்று தெரிந்தவர்கள் வீட்டில் இல்லாவிட்டால், அந்தத் தவறு தவறு என்றே யாருக்கும் தெரியாது. எனவே பதிவைத் தொடங்குமுன், மூலக் கருவியின் திரையில் 48 என்று இருக்கிறதா, 44.1 என்று இருக்கிறதா, 32 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அதே வேகத்தில் புதிய பாட்டைத் திறங்கள். திறந்த பிறகு வேகத்தை மாற்ற முடியாது. உங்கள் கருவிக்கு 44,100 மட்டும்தான் தெரியும் என்றால், நடுவில் வேகம் மாற்றித் தரும் பெட்டி ஒன்று தேவைப்படும். அல்லது சாதாரணக் கம்பியே கதி.

கம்பியைப் பற்றி. டிஜிட்டல் துளை வட்டமாக, சாதாரண ஆடியோ துளையைப் போலவே இருந்தால் அது மின்கம்பிக்கானது. இதற்கு 75 ஓம் மின்மறுப்புள்ள கம்பி வேண்டும். கடைக்கு ஓட வேண்டாம். பழைய டிவிடி கருவியோடு வந்த மூன்று நிறக் கம்பியில் மஞ்சள் கம்பி படத்துக்கானது. அது 75 ஓம் கணக்கில் செய்யப்படுவது. அதை எடுங்கள். சிவப்பும் வெள்ளையும் வேண்டாம். கயிற்றை உதறி அலை அனுப்பினால், தடிமன் மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும் என்று படித்திருப்பீர்கள். பொருந்தாத கம்பியிலும் அதேதான் நடக்கிறது. திரும்பி வரும் துடிப்பு அடுத்த துடிப்போடு மோதிக் குழப்புகிறது.

துளை சதுரமாக, சிறு கதவோடு இருந்தால் அது ஒளியிழைக்கானது. தோஷிபா 1983-இல் கொண்டுவந்த ‘டாஸ்லிங்க்’. ஒரு முனையைக் குத்தியதும் மறுமுனையில் சிவப்பு ஒளி தெரியும்; தெரியாவிட்டால் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நான் கழற்றாமல் அரை மணி நேரம் தேடியிருக்கிறேன். கூர்மையாக மடக்கினால் உள்ளே ஒளி தெறித்து வெளியேறிவிடும். இந்தத் துளையில் இன்னொரு குழப்பம் உண்டு. அலெசிஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் ‘ஏடேட்’ என்ற 8 தடக் கருவியைக் கொண்டுவந்தது. அதுவும் இதே சதுரத் துளையைப் பயன்படுத்தியது. ஆனால் இரண்டு தடத்துக்குப் பதில் எட்டுத் தடங்களை ஒரே இழையில் அனுப்பியது. துளை ஒன்று, மொழி வேறு. உங்கள் கருவியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால், மூலக் கருவி பேசும் மொழியைத் தேர்ந்தெடுங்கள். ஏடேட் கருவிகளைப் பதினாறு வரை சங்கிலிபோல் இணைத்து 128 தடங்களாக ஓட்டலாம். அப்போதும் தாளம் போடுவது ஒரு கருவிதான். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இதற்கென்றே தனியாக ஒரு கடிகாரப் பெட்டி இருக்கும். அது பாடாது, பதியாது. தாளம் மட்டும் போடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கம்பியைக் குத்திவிட்டால் மட்டும் போதாது. எந்தத் தடத்துக்கு அந்த எண்கள் போக வேண்டும் என்று உள்ளீட்டுப் பகுதியில் ‘டிஜிட்டல் இடது’, ‘டிஜிட்டல் வலது’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நான் 1, 2 தடங்களைக் கொடுத்தேன். ஒலியைக் கூட்டும் திருகு இங்கே வேலை செய்யாது, செய்யவும் கூடாது. நாடாவில் மெதுவாக இருந்தால் மெதுவாகவே வரும். பிறகு கலக்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள். ‘நகல் தடை’ என்று கருவி மறுத்தால் பயப்பட வேண்டாம். டேட் காலத்தில் இசைத்தட்டு நிறுவனங்கள் வற்புறுத்தி வைத்த பூட்டு அது; ஒலிவாங்கியில் பதிந்த நாடாவிலிருந்து முதல் நகலை எடுக்க விடும், அந்த நகலிலிருந்து இன்னொரு நகலை எடுக்க விடாது. ஆகவே எப்போதும் மூல நாடாவிலிருந்தே எடுங்கள்.

பதிவுக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நாடாவை முழுதாக ஓட்ட வேண்டாம். முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பதிந்து, கருவியை அதன் சொந்தத் தாளத்துக்கு மாற்றி, காதணிபேசியில் கேளுங்கள். நீண்ட கார்வை உள்ள இடமாக இருந்தால் நல்லது. சுத்தமாக இருந்தால் மறுபடி ‘டிஜிட்டல் இன்’னுக்கு மாற்றிவிட்டு முழுப் பதிவுக்குப் போங்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த நாடாவை ஒரு தடவை குறைவாகத் தேய்த்திருப்பேன்.

இரண்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரருக்கு மாலையில் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 48,000-இல் புதிய பாட்டு, மஞ்சள் கம்பி, கடிகாரம் கம்பியிலிருந்து, லாக் விளக்கு நிலையாக. ஒரு நிமிடச் சோதனை சுத்தம். பிறகு நாடாவைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து ஓடவிட்டோம். 47 நிமிடம். மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்; டிஜிட்டல் பதிவுக்கும் அறையின் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தும். நடுவில் ஓரிடத்தில் நாடாவின் பழுதால் கால் விநாடி போலச் சடசடத்தது. அது நாடாவில் உள்ளது. நான் ஒன்றும் செய்வதற்கில்லை. 11 விநாடி ‘டிக்’ ஒன்றுகூட இல்லை.

அன்றே மூன்று பிரதிகள் எடுத்து மூன்று பேரிடம் கொடுத்துவைத்தோம். நாடா மறுபடி பிஸ்கட் டின்னுக்குப் போயிற்று.

மறுநாள் பள்ளி முடிந்து பையன் தவிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். 3-ஆவது தடத்துக்கு ஒலிவாங்கியை மாட்டினேன், ‘பிளே’ அழுத்தினேன். கருவி நகரவே இல்லை. கடிகாரம் இல்லை என்று திரையில் எழுதிக்கொண்டு நின்றது. நான் கம்பியை ஆட்டிப் பார்த்தேன், மின்சாரத்தை அணைத்துப் போட்டேன். டேட் கருவி ஜோர்ஜ்டவுனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இல்லாத ஜால்ராவுக்காக என் கருவி காத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. பையன்தான் பட்டியலுக்குள் போய் ‘இன்டர்னல்’ என்று மாற்றினான். “தாளம் போட இப்ப ஆள் இல்லை சார், அதுவே போட்டுக்கட்டும்” என்றான். தாத்தாவின் தோடி தொடங்கியது. அவன் கைவிரல் கூடுகளை மாட்டிக்கொண்டு, எட்டு அட்சரம் காத்திருந்து, நுழைந்தான்.